கரிசலின் முகம்: நிலக்காட்சி ஓவியம் தவறவிட்ட சமவெளி

குற்றாலத்து அருவிக்கு ஓவியம் உண்டு. பாபநாசத்துக்கு உண்டு. திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையையும் மாமல்லபுரத்துக் கோயில்களையும் நீலகிரிச் சரிவுகளையும் கடந்த இருநூற்றைம்பது ஆண்டுகளில் எத்தனையோ கைகள் தீட்டியிருக்கின்றன. ஆனால் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாகக் கமுதியை நோக்கி விரியும் சமவெளிக்கு, கரிசலும் செவலும் மாறி மாறி வரும் அந்த மானாவாரி நிலத்துக்கு, ஓவிய மரபு என்று சொல்லத்தக்க எதுவும் அமையவில்லை. இலக்கியத்தில் கரிசல் வட்டாரம் அடைந்திருக்கும் இடத்தோடு ஒப்பிட்டால் வியப்பு மிகும். கரிசல் இலக்கியம் என்ற தொடரைத் தமிழ் வாசகர் எல்லோரும் அறிவர். கரிசல் ஓவியம் என்றொரு தொடர் நம் காதில் விழுவதே இல்லை.

ஒன்று இருப்பதற்கு வரலாறு இருப்பதுபோல, ஒன்று இல்லாமற் போனதற்கும் வரலாறு உண்டு. அதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நிலம். விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதி இது. 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. திருச்சுழியை ஒட்டிக் குண்டாறு செல்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அது மணற்பரப்புதான். சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயிலும், 1879இல் ரமண மகரிஷி பிறந்த வீடும் அவ்வூரின் அடையாளங்கள். ஊர்தோறும் கண்மாய், ஊருணி. பங்குனி, சித்திரையில் கரிசல் மண் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மேல்மண் வெடிப்புக்குள் உதிர்ந்து இறங்குவதால், தன்னைத் தானே உழுதுகொள்ளும் மண் என்று அதைச் சொல்வதுண்டு. ஐப்பசி மழைக்குப் பின் அதே இடம் சோளம், கம்பு, பருத்தி, உளுந்து, மல்லி என்று நிறம் மாறிவிடும். கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை உயர்ந்து நிற்பவை பனைகளும், குடைபோலத் தலைவிரித்த உடைமரங்களும், எங்கோ ஒரு கோயில் கோபுரமும்தாம். மீதியெல்லாம் வானம்.

வகைமை கேட்ட பொருள்கள்

நிலத்தை மனிதர்களுக்குப் பின்புலமாக வரைவது உலகெங்கும் பழைய வழக்கம். நிலத்தையே ஓவியத்தின் பொருளாக்குவது வேறு. சீனத்தில் அது மிகத் தொன்மையானது. 1072இல் குவோ சி வரைந்த ‘இளவேனில்’ ஓவியம் அந்த மரபின் சிகரங்களுள் ஒன்று. சீனர் இவ்வகைக்கு வைத்த பெயரே ‘மலை-நீர்’ என்பதாகும். மலையும் நீரும் இல்லாத இடத்துக்கு அப்பெயரில் இடமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஐரோப்பாவில் இக்கலை தனி வகையாக நிலைபெற்றது 16, 17ஆம் நூற்றாண்டுகளில். அப்போதும் பிரெஞ்சு அகாதெமி வகுத்த படிநிலையில் புராண, வரலாற்று ஓவியத்துக்கே தலைமை. நிலக்காட்சி கீழ்ப்படியில் இருந்தது. அதற்குக் கௌரவம் தேடித் தந்தவர்களுள் முதன்மையானவர் ரோமில் வாழ்ந்த கிளாத் லொரேன் (1600–1682). அவர் ஓவியங்களில் ஓர் அமைப்பு திரும்பத் திரும்ப வரும். முன்னால் நிழல் படிந்த நிலம். இருபுறமும் நாடக மேடையின் பக்கத்திரைபோல மரங்கள். நடுவே ஒளி பட்ட நீர்நிலை, ஒரு பாழடைந்த கட்டடம். அப்பால் நீலம் பூசிய மலைகள். பார்ப்பவனின் கண் படிப்படியாக உள்ளே நடந்து சென்று தொடுவானில் இளைப்பாறும்.

அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தில் இந்த அமைப்பு ஒரு ரசனைக் கோட்பாடாகவே வளர்ந்தது. வில்லியம் கில்பின் வை ஆற்றங்கரைப் பயணத்தைப் பற்றி 1782இல் வெளியிட்ட நூல், ஓவியமாகத் தகும் காட்சி எது, தகாதது எது என்று பயணிகளுக்குப் பயிற்சி அளித்தது. நிலம் தேர்வு எழுத வேண்டியதாயிற்று. மேடு பள்ளம், நீர், முதிர்ந்த மரம், சிதைந்த சுவர் ஆகியவை இருந்தால் தேர்ச்சி. தட்டையான நிலம் தேர்வறைக்குள்ளேயே நுழைய முடியாது.

கடந்து சென்றவர்கள்

இந்தக் கண்ணோடுதான் ஆங்கிலேய ஓவியர்கள் தமிழகத்துக்கு வந்தார்கள். இந்தியாவுக்கு வந்த முதல் தொழில்முறை நிலக்காட்சி ஓவியரான வில்லியம் ஹாட்ஜஸ் 1780இல் சென்னையில் இறங்கினார். அதே ஆண்டு ஹைதர் அலியின் படை கர்நாடகச் சமவெளிக்குள் புகுந்ததால் அவரால் உள்நாட்டில் அதிகம் பயணிக்க இயலவில்லை. வங்கத்துக்குக் கப்பல் ஏறினார்.

அவர் விட்ட இடத்தை நிரப்பியவர்கள் தாமஸ் டேனியலும் அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியலும். திப்புவுடனான போர் உடன்படிக்கையில் முடிந்த 1792ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்ட இவர்கள், பாராமகால் மலைக்கோட்டைகளை வரைந்துகொண்டு திண்டுக்கல், மதுரை, தாமிரபரணி நாடு என்று சுற்றி 1793 தொடக்கத்தில் சென்னை திரும்பினர். இருட்டுப் பெட்டியின் துளைவழியே விழும் பிம்பத்தைத் தாளில் பிடித்துக் கோடிழுக்கும் கருவியை இருவரும் பயன்படுத்தினர். ஆதலால் அவர்களுடைய அளவுகள் பெரும்பாலும் நம்பத்தக்கவை. 1795 முதல் 1808 வரை லண்டனில் ஆறு தொகுதிகளாக, 144 படங்களாக வெளிவந்த அவர்களுடைய ‘கீழைக் காட்சிகள்’, இந்திய நிலம் எப்படி இருக்கும் என்று ஐரோப்பா கற்பனை செய்த முறையையே தீர்மானித்தது.

1807இல் நிறைவுற்ற நான்காம் தொகுதி நிலக்காட்சிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. நம் தென்மாவட்டங்களிலிருந்து அதில் இடம்பெற்றவை எவை? பாபநாசத்து அருவி, குற்றாலத்து அருவி, களக்காட்டுப் பக்கத்திலிருந்து குமரிமுனை நோக்கிய மலைத்தொடர். மற்றத் தொகுதிகளில் மதுரையின் திருமலை நாயக்கர் அரண்மனையும் புதுமண்டபமும் உண்டு. மதுரைக்கும் தாமிரபரணிக்கும் இடையில் எந்தத் தடத்தைப் பிடித்தாலும் வறண்ட சமவெளியை, அதன் ஓரத்தையாவது, மிதிக்காமல் போக முடியாது. பல நாள் வழி அது. ஆனால் பட்டியலில் அந்தச் சமவெளியின் பெயர் தாங்கிய படம் ஒன்றும் இல்லை. அரண்மனைக்கும் அருவிக்கும் நடுவே கண் மூடிக்கொண்டது எனலாம்.

டேனியல்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களுடைய படச்சட்டத்துக்குள் வைக்க இங்கே பக்கத்திரை மரம் இல்லை, நடுவில் நீர் இல்லை, தொடுவானில் நீலமலை இல்லை. கோட்பாடு கேட்ட பொருள் எதுவும் நிலத்திடம் இல்லாதபோது ஓவியன் வண்டியை நிறுத்தமாட்டான். அந்தப் படங்கள் லண்டன் கூடங்களில் தொங்கத் தொடங்கிய ஆண்டுகளில் இந்தச் சமவெளியில் நடந்துகொண்டிருந்தவை வேறு. 1795இல் முத்துராமலிங்க சேதுபதி பதவி பறிக்கப்பட்டுச் சிறையிடப்பட்டார். 1799 முதல் 1801 வரை பாளையக்காரர் போர்கள். 1803இல் இராமநாதபுரம் நிலையான வரித்திட்டத்தின்கீழ் ஜமீனாக்கப்பட்டது. இந்த நிலத்தைக் கும்பெனி கணக்கேட்டில் எழுதிக்கொண்டது. ஓவிய ஏட்டில் எழுதவில்லை.

வறட்சியைப் பார்த்த கவிதை

ஐரோப்பியக் கண்ணுக்குத் தென்படாதது நமக்குத் தென்பட்டதா என்ற கேள்வி அடுத்து எழும். கவிதையைப் பொறுத்தவரை விடை தயக்கமற்றது. தொல்காப்பியம் நிலங்களை வகுக்கும்போது நான்கையே சொல்லி, நான்கு தெய்வங்களையே வைக்கிறது; பாலைக்குத் தனி நிலமும் இல்லை, தெய்வமும் இல்லை. ஆயினும் அகநானூற்றைத் தொகுத்தவர்கள் ஒற்றைப்படை எண் பெறும் பாடல்கள் அனைத்தையும் பாலைக்கே தந்தார்கள். 400 பாடல்களில் 200 பாலை. கள்ளியும் ஓமையும் பருந்தும் செந்நாயும் பேய்த்தேர் எனப்பட்ட கானல்நீரும் அவ்வளவு நுட்பமாக அவற்றில் பதிவாகியிருக்கின்றன. வறண்ட நிலத்தைப் பார்க்கத் தமிழ்க் கண்ணுக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். பாலைப் பாடலில் நிலம் கடப்பதற்குரியது. பொருள்தேடிப் போகும் தலைவன் அதன் வழியே செல்கிறான். வீட்டில் இருப்பவள் அந்த வழியை நினைத்து அஞ்சுகிறாள். அங்கே குடியிருந்து விதைப்பவரின் குரல் அரிது. கரிசல் பாலை அன்று. கரிசல் ஈரத்தைத் தன் அடிவயிற்றில் பிடித்து வைத்துக்கொண்டு வெளியே வறண்டு காட்டும் மண். ஓரிரு மழையை நம்பி ஒரு வெள்ளாமையைக் கரையேற்றிவிடும் மண். அதன் வளம் உள்ளே இருக்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. பார்வையை மட்டும் நம்பும் கலைக்கு இது பெரிய தடை. கடந்து போகிறவனுக்கு வெடிப்பு தெரியும், ஈரம் தெரியாது.

நம் பழைய ஓவியர்களும் வறட்சியை வரையவில்லை, நீரை வரைந்தார்கள். புதுக்கோட்டைப் பக்கத்து வறண்ட பாறைக் குன்றான சித்தன்னவாசலின் விதானத்தில், 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தில், தாமரைத் தடாகம் ஒன்று மலர்ந்தது. மீனும் அன்னமும் யானையும் எருமையும் பூக்கொய்யும் மனிதருமாக நிறைந்த அந்தத் தடாகம் சமண சமயக் கருத்தின்படி அமைந்தது என்பர். ஆனாலும் அதை அண்ணாந்து பார்த்தவர்கள் வெயிலில் குன்றேறி வந்தவர்கள்.

திருச்சுழிப் பகுதி சேதுபதிகளின் ஆட்சிக்குள் இருந்தது. அவர்களுடைய இராமலிங்க விலாசத்தில் 18ஆம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட சுவரோவியங்கள் உள்ளன. தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், ஐரோப்பியரின் அரசவை வருகை, இராமாயண, பாகவதக் காட்சிகள் எல்லாம் அங்கே உண்டு. மரம் செடிகள் அழகிய குறிகளாக நிற்கின்றன. அரசனின் நாடு அவன் அவையாகவும் படையாகவும் தெரிகிறதே அன்றி மண்ணாகத் தெரிவதில்லை.

கோவில்பட்டியில் பாய்ந்த அருவி

இனி இந்த வரலாற்றின் மையத்துக்கு வருவோம். நிலக்காட்சி ஓவியம் கரிசல் நாட்டுக்கு வராமலே போய்விடவில்லை. அமோகமாக வந்தது, கடவுளின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

அது வந்த வழி இரண்டு. ஒன்று அச்சு. ரவி வர்மா 1894இல் பம்பாய்க்கு அருகில் நிறுவிய அச்சகம் தெய்வப் படங்களை வீடுதோறும் கொண்டுசென்றது. அவருடைய தம்பி சி. ராஜ ராஜ வர்மா (1860–1905) தேர்ந்த நிலக்காட்சி ஓவியர். அண்ணனின் படங்களில் பின்புலம் தீட்டுவதில் அவருக்குப் பங்கு உண்டு. ஐரோப்பிய முறை மலையும் ஏரியும் மேகமும் இலக்குமிக்கும் சரசுவதிக்கும் பின்னால் குடியேறியது இப்படித்தான். மற்றொரு வழி நாடகத் திரை. பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துத் தமிழ்க் கம்பெனிகளும் காட்டு சீன், தெரு சீன், தர்பார் சீன் என்று படுதாக்கள் எழுதத் தொடங்கின. தூரக்காட்சி முறையை நம் சிற்றூர் மக்கள் முதலில் கண்டது அந்தப் படுதாக்களில்தான். பின்னர் போட்டோ ஸ்டுடியோக்களும் அவற்றைக் கைக்கொண்டன.

இவ்விரு வழிகளும் ஒரு மனிதரில் சந்தித்தன. அவர் சி. கொண்டைய ராஜு. 1898இல் சென்னையில் பிறந்து, அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். சில காலம் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் தங்கியிருந்தார். பிறகு நாடகக் கம்பெனியில் சீன் எழுதும் ஓவியராகச் சேர்ந்தார். 1940களில் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தபோது அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய ஸ்டுடியோவும், டி.எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் முதலிய மாணவர்களும் சேர்ந்து உருவாக்கிய தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி இந்தியா முழுவதும் சென்றன. தென்னகத்தில் தெய்வங்களின் முகத்தை இருபதாம் நூற்றாண்டுக்கென வரைந்து தந்த ஊர் கோவில்பட்டி என்றால் மிகையாகாது.

அந்தப் படங்களின் பின்புலத்தை மட்டும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். கஜலட்சுமியைச் சுற்றித் தாமரைத் தடாகம். முருகனுக்குப் பின்னால் பச்சை மலை, அதிலிருந்து இறங்கும் அருவி. சிவனுக்குப் பனிமலை. கண்ணனுக்குப் பசும்புல்லும் ஆறும். கரிசல் மண்ணில் உட்கார்ந்து தீட்டிய தூரிகையில் கரிசலின் நிறம் ஒரு துளிகூட இல்லை.

இதில் ஒரு முரண் உண்டு. தீப்பெட்டித் தொழில் 1920களில் சிவகாசியில் வேரூன்றக் காரணம் இந்த நிலத்தின் வறட்சி. மருந்து காய ஈரமற்ற காற்று வேண்டும். மழை பொய்க்கும் ஊரில் கைகளுக்கு வேலையும் வேண்டும். தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட, அதன் தோளில் ஏறி அச்சுத் தொழில் வந்தது. மையும் தாளும் விரைவில் உலர அதே காற்று உதவியது. ஆக, நாட்காட்டியில் பாய்ந்த அத்தனை அருவிகளும் வறட்சியின் செலவில் பாய்ந்தவை.

கொண்டைய ராஜு அறியாமையால் இப்படி வரைந்தார் என்று எண்ணுவது பிழை. தெய்வப் படம் மங்கலத்தின் படம். வெடித்த நிலத்தை யாரும் பூசையறையில் மாட்டமாட்டார்கள். மழைக்காக வானம் பார்க்கும் சம்சாரி, ஆண்டு முழுவதும் சுவரில் தண்ணீரைப் பார்க்க விரும்பினான். அந்த அருவி கரிசலின் ஏக்கம். சித்தன்னவாசல் தடாகத்துக்கும் அதற்கும் இடையே ஆயிரம் ஆண்டுகள் இருக்கலாம், மனம் ஒன்றுதான். நிழலை வைத்து உருவத்தை ஊகிப்பதுபோல, அந்த நீரை வைத்து இந்த நிலத்தின் தாகத்தை ஊகிக்கலாம்.

ஆனால் அதற்கொரு விலையும் இருந்தது. தலைமுறை தலைமுறையாக நாட்காட்டியைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, ‘இயற்கைக் காட்சி’ என்றால் அதுவே என்று பதிந்துவிட்டது. இந்த வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளையிடம் தாளைக் கொடுத்து இயற்கைக் காட்சி வரையச் சொன்னால் என்ன வரும் என்று ஆசிரியர்கள் அனைவரும் அறிவோம். இரண்டு முக்கோண மலை, நடுவே உதிக்கும் சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு தென்னை, ஒரு குடிசை. கண்மாய்க் கரையும் உடைமரமும் பனையும் சன்னலுக்கு வெளியே நிற்கும். தாளுக்குள் வாரா. தன் ஊர் இயற்கை ஆகாது என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தரவில்லை; சொல்லாமலே தெரிந்திருக்கிறது.

அதே ஊரின் இன்னொரு கை

கோவில்பட்டியில் இந்த அருவிகள் பாய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், பக்கத்து இடைசெவலில் இருந்த ஒரு சம்சாரி எழுதத் தொடங்கினார். கி. ராஜநாராயணன் (1923–2021). ‘கோபல்ல கிராமம்’ 1976இல் வந்தது. வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தொகுத்து 1982இல் வெளியிட்டார். நிலத்தை வர்ணிக்காமல் நிலத்தின் சொற்களால் எழுதியது அவர் செய்த பெரும் மாற்றம். மண்ணின் வகை, மேகத்தின் வகை, காற்றின் திசை, மாட்டின் நிறம் ஒவ்வொன்றுக்கும் சம்சாரியிடம் பெயர் இருந்தது. பெயர் இருக்கும் இடத்தில் பார்வை கூர்மையடைகிறது. வெளியாள் ஒரே தட்டை நிலமாகக் கண்டதை உள்ளூர்ச் சொல்லகராதி நூறு இடங்களாகப் பிரித்துக் காட்டியது.

பூமணி, சோ. தர்மன் என்று அந்த வரிசை நீண்டது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மல்லாங்கிணறில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன் ‘நெடுங்குருதி’யில் வேம்பலை என்ற ஊரின் வெயிலையே ஒரு பாத்திரமாக்கினார். கடக்கும் நிலமாகவே இருந்தது, வாழும் நிலமாக இலக்கியத்தில் எழுந்தது இவர்களால்.

ஓவியம் முற்றிலும் விலகி நின்றது என்றும் சொல்லக்கூடாது. 1980களில் ஜூனியர் விகடனில் கி.ரா. எழுதிய ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ தொடருக்குக் கே.எம். ஆதிமூலம் (1938–2008) கோட்டோவியங்கள் வரைந்தார். வண்ணம் இல்லை, வெறும் கறுப்பு மை. கரிசலுக்குக் கறுப்பைத் தவிர வேறு எது பொருந்தும் என்று தோன்றும்படி அந்தக் கோடுகள் அமைந்தன. முகச்சுருக்கமும் முண்டாசும் ஒரே வகைக் கோட்டால் எழுந்தன. ஆனால் அவை எழுத்தைத் துணையாகக் கொண்ட படங்கள், பெரும்பாலும் மனிதர்கள். பின்னாளில் எண்ணெய் வண்ணத்தில் ஆதிமூலம் நிலத்தை அருவமாகத் தீட்டினார். அவை எந்த ஊருக்கும் உரியவை அல்ல. கி.ரா.வின் எழுத்துக்கு இணையாகக் கரிசல் நிலத்தையே தன் வாழ்நாள் பொருளாக எடுத்துக்கொண்ட ஓவிய உலகம் ஒன்று இன்னும் எழவில்லை.

தட்டை நிலத்தையும் வரையலாம்

தட்டையான நிலத்தில் வரைய என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஐரோப்பாவிலேயே விடை உண்டு. ஒல்லாந்து தட்டை நாடு. யாக்கோப் வான் ரைஸ்டால் 1670ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹார்லெம் நகரைத் தொலைவிலிருந்து பலமுறை வரைந்தார். படத்தின் மூன்றில் இரண்டு பங்கு வானம். கீழே மெல்லிய பட்டையாக நிலம். தொடுவானில் ஒரு தேவாலயம். முன்னே வயலில் நெசவாளர்களின் துணிகள் வெயிலில் வெளுக்க விரிக்கப்பட்டிருக்கின்றன. அருப்புக்கோட்டையும் நெசவூர். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி தோய்த்துக் காயவைத்த காலை வெயில் அங்கே வாழ்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். கோபுரம், சமவெளி, விரித்த நூல், பெரிய வானம். ஹார்லெமில் ஓவியமானது அருப்புக்கோட்டையில் ஆகவில்லை, அவ்வளவுதான். இன்னொரு செய்தி: ஒல்லாந்திலும் விருதுநகர் மாவட்டத்திலும் ஆண்டு மழை ஏறத்தாழ ஒரே அளவு, 800 மில்லிமீட்டரை ஒட்டியது. அங்கே அது ஆண்டு முழுவதும் தூறுகிறது. இங்கே ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி ஒரேயடியாகக் கொட்டித் தீர்க்கிறது.

வறண்ட நிலத்துக்கே உதாரணம் வேண்டுமென்றால் ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். ஃபிரெட் வில்லியம்ஸ் (1927–1982) ஐரோப்பிய அமைப்பைக் கைவிட்டார். தொடுவானைப் படத்தின் உச்சிக்குத் தள்ளினார். சில படங்களில் நீக்கியே விட்டார். பரந்த காவி நிறத்தில் புதர்கள் சிறு சிறு புள்ளிகளாக நின்றன. நடுவில் எதுவும் இல்லாததே அந்த நிலத்தின் இயல்பு என்பதை அமைப்பாலேயே காட்டினார். அதே நாட்டின் பாலைநடுவே பாப்பன்யா என்ற ஊரில் 1971இல் பள்ளி ஆசிரியர் ஜெஃப்ரி பார்டன் ஊக்குவிக்க, தொல்குடி மூத்தோர் தங்கள் நிலத்தைப் பலகைகளில் தீட்டத் தொடங்கினர். அவர்கள் வரைந்தது தூரக்காட்சி அன்று. ஊற்று எங்கே, மூதாதையர் நடந்த தடம் எது, யாருக்கு எந்தக் கதை உரியது என்பனவற்றை மேலிருந்து பார்ப்பதுபோல் புள்ளிகளாலும் வட்டங்களாலும் எழுதினர். நிலத்தைப் பார்ப்பவனின் ஓவியத்துக்குப் பதிலாக நிலத்துக்கு உரியவனின் ஓவியம் கிடைத்தது.

திணைக் கோட்பாட்டைக் கற்பிக்கும் எனக்கு இந்த இரண்டாவது வழி மிக அண்மையில் இருப்பதாகப் படுகிறது. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று நிலத்தையும் பொழுதையும் உயிர்களையும் மனத்தையும் ஒன்றாகக் கோத்துப் பார்த்த மரபு நம்முடையது. அதில் நிலம் சட்டமிட்ட சன்னல்காட்சியாக என்றும் இருந்ததில்லை. மடை எங்கே, கலுங்கு எங்கே, எந்த ஓடை எந்தக் கண்மாயை நிரப்புகிறது, எந்தப் பிஞ்சையில் எந்த விதை பிடிக்கும் என்ற அறிவு முதியவர்களிடம் ஒரு வரைபடமாகவே இருக்கிறது. அதைத் தாளில் இறக்கும் ஓவியன் கிளாத் லொரேனிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

தரிசு என்னும் சொல்

படம் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கலாம். ஒரு சொல்லைக் கொண்டு விடை சொல்கிறேன். சம்சாரியின் வழக்கில் ‘தரிசு போடுதல்’ என்றால் நிலத்தை ஓய்வெடுக்க விடுதல். ஆடு மேயும், புல் முளைக்கும், மண் தேறும். அடுத்த பருவம் உழவு வரும். வருவாய்த் துறை ஏட்டில் ‘தரிசு’ என்றால் பயனற்றுக் கிடக்கும் நிலம். ஒரே சொல்லை இரு கண்கள் பார்க்கின்றன. பசுமையான பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ள யாராவது வந்தால் அதன் அழகைச் சொல்லித் தடுக்க ஓவியமும் புகைப்படமும் சாட்சி கூறும். கரிசலுக்குச் சாட்சி இல்லை. அங்கே ஒன்றுமில்லை என்று சொல்பவரிடம் காட்ட நம் கையில் ஒன்றுமில்லை.

திருச்சுழிக்கு அடுத்த கமுதியில் 2016இல் அதானி குழுமம் 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை அமைத்தது. ஏறத்தாழ 2500 ஏக்கரில் 25 லட்சம் தகடுகள். ஒரே இடத்தில் அமைந்தவற்றுள் உலகிலேயே பெரியது என்று அப்போது சொல்லப்பட்டது. வானிலிருந்து எடுத்த அதன் படங்கள் உலகெங்கும் பரவின. இந்தச் சமவெளியை உலகம் பார்த்த முதல் பெரிய நிலக்காட்சி அதுவே எனலாம். வெயிலிலிருந்து மின்சாரம் எடுப்பது தேவையான பணி. அதை நான் மறுக்கவில்லை. அந்தத் தகடுகளுக்கு முன் அங்கே என்ன நிறம் இருந்தது, எந்த மாதத்தில் எது பூத்தது என்று காட்ட ஒரு படமாவது இருந்திருந்தால், எதைக் கொடுத்து எதைப் பெற்றோம் என்றாவது நமக்குத் தெரிந்திருக்கும்.

நிலமும் காத்திருக்கவில்லை. சீமைக்கருவேல் கண்மாய்களையும் பிஞ்சைகளையும் மூடி, கறுப்பு நிலத்துக்கு ஆண்டு முழுவதும் ஒரே மங்கிய பச்சையைப் போர்த்திவிட்டது. கரிமூட்டப் புகை அதன் புதிய மேகம். உடைமரக் குடைகள் குறைகின்றன. சோளமும் கம்பும் விட்ட இடத்தில் மக்காச்சோளம் நிற்கிறது. கி.ரா. தொகுத்த சொற்களில் பலவற்றுக்கு உரிய பொருள்கள் இனி அகராதியில் மட்டுமே இருக்கும்.

ஆகவே இந்தப் பகுதியின் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இருப்போருக்கு ஒரு சிறு வேண்டுகோள். அடுத்த முறை ‘இயற்கைக் காட்சி வரைக’ என்று பலகையில் எழுதுவதற்குப் பதிலாக, ‘உங்கள் ஊர்க் கண்மாயைப் பங்குனியில் ஒன்று, கார்த்திகையில் ஒன்று என இரண்டு படமாக வரைக’ என்று எழுதிப் பாருங்கள். வரும் படங்கள் கோணலாக இருக்கலாம். அவற்றில் மலையும் அருவியும் இருக்கமாட்டா. ஒரு மடையும், ஒரு பனையும், தாளின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும் வானமும் இருக்கும்.